தோழி வீட்டுக் கிறிஸ்துமஸும் ஒரு கரண்டி ‘வேண்டாம்’மும்

கேள்வி: என் மகள் ஜெர்மனியில் ஆகன் நகரில் எம்.எஸ். படிக்கிறாள். கூடப் படிக்கும் ஜெர்மன் தோழி, ஷ்டுட்கார்ட் பக்கத்தில் உள்ள தன் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அழைத்திருக்கிறாள். பேச்சுக்குக் கூப்பிட்டதை நம்பிப் போகலாமா? எத்தனை நாள் தங்கலாம்? நாங்கள் சைவம். இங்கிருந்து மைசூர்பாகும் பால்கோவாவும் அனுப்பலாமா?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: தாராளமாகப் போகச் சொல்லுங்கள். நாம் பாண்டி பஜாரில் எதிர்ப்பட்டவரிடம்கூட ‘வீட்டுக்கு வாங்க’ என்போம். அதற்காக யாரும் உலை வைப்பதில்லை. அங்கே கிறிஸ்துமஸ் வீட்டோடு கொண்டாடும் பண்டிகை. தோழி தன் அப்பா அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் அழைத்திருப்பாள். ‘எந்தத் தேதி வரட்டும், எந்தத் தேதி கிளம்பட்டும்?’ என்று மகள் நேராகவே கேட்கலாம். நமக்குக் கூச்சமாக இருக்கும், அவர்களுக்கு அது நிம்மதி. என்னைக் கேட்டால் 23ஆம் தேதி போய் 27 கிளம்புவது போதும். ரயில் டிக்கெட்டை இப்போதே எடுக்கட்டும். மாணவர்களுக்கான பயணச்சீட்டான செமஸ்டர் டிக்கெட் ஐ.சி.இ. விரைவு ரயிலில் செல்லாது.

சாப்பாட்டு விஷயத்தில்தான் கவனம் வேண்டும். ‘நான் வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் போதாது. அங்கே அந்தச் சொல்லுக்குள் முட்டையும் அடக்கம். அந்தப் பக்கத்துப் பிரபல சைவ உணவான கேஸ்-ஷ்பெட்ஸ்லேயின் (சீஸ் போட்ட ஒருவகை நூடுல்ஸ்) மாவே முட்டை போட்டுப் பிசைந்ததுதான். கிறிஸ்துமஸ் பிஸ்கட்டிலும் பெரும்பாலும் முட்டை இருக்கும். இதைவிட ஏமாற்றுவது உருளைக்கிழங்கு சாலட். பார்க்கப் பரம சாதுவாக இருக்கும். ஷ்டுட்கார்ட் வட்டாரத்தில் அதை இறைச்சி வேகவைத்த சாற்றில் ஊறவைப்பது வழக்கம். சிவப்புக் கோஸை வாத்துக் கொழுப்பில் வதக்குவதும் உண்டு. ஆகவே இறைச்சி, மீன், இறைச்சிச் சாறு, கொழுப்பு, ஜெலட்டின் கூடாது, முட்டை ஆகுமா ஆகாதா என்று இரண்டு வாரம் முன்பே ஒரே மெசேஜில் எழுதிவிடட்டும். மேஜையில் தட்டு வந்தபிறகு சொன்னால்தான் அந்த அம்மாவுக்குச் சங்கடம்.

இன்னொன்று. நம் வீடுகளில் முதல் ‘வேண்டாம்’ வெறும் மரியாதை. மூன்றாவது தடவை கேட்கும்போதுதான் கையை எடுப்போம். அங்கே ஒருமுறை ‘வேண்டாம்’ என்றால் கிண்ணம் அடுத்தவரிடம் போய்விடும், திரும்பி வராது. அங்கே போன புதிதில், முதல் விருந்தில் நான் அரைப்பட்டினியாகப் படுத்தது இப்படித்தான். பசித்தால் ‘கொஞ்சம் போடுங்கள்’ என்றே மகள் சொல்லட்டும். விருந்தாளியை நாம் அடுப்படிப் பக்கம் விடமாட்டோம். அங்கே மேஜை போட, பாத்திரம் எடுத்துவைக்கக் கைகொடுப்பதே உறவு.

முக்கியமான பொழுது 24ஆம் தேதி மாலை. பரிசுகளை அப்போதுதான், கொடுத்தவர் எதிரிலேயே பிரிப்பார்கள். உங்கள் மகளுக்கும் நிச்சயம் ஒன்று இருக்கும், அதனால் வீட்டில் ஆளுக்கொரு சிறு பொருள் இருந்தால் நல்லது. விலை முக்கியமில்லை. அன்று மதியத்துக்குள் கடைகளை மூடிவிடுவார்கள். 25, 26 இரண்டு நாளும் அரசு விடுமுறை. பூங்கொத்து வாங்குவதென்றால் 24 காலைக்குள் வாங்கியாக வேண்டும். வீட்டுக்குள் போட ஒரு ஜோடி செருப்பும் பையில் இருக்கட்டும், தரை சில்லிடும்.

இனி உங்கள் பார்சல். பால்கோவாவை மறந்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைத் தபாலில் அனுப்பத் தடை உண்டு. இனிப்புப் பண்டங்களுக்கு விலக்கு இருந்தாலும், நெய்யிலேயே மிதக்கும் மைசூர்பாகை நான் அனுப்பமாட்டேன். பெட்டி இடுக்கில் கறிவேப்பிலையையும் செருகாதீர்கள். அதற்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். கோவில்பட்டி கடலைமிட்டாய் அனுப்பலாம். ஆனால் அந்த வீட்டில் யாருக்காவது வேர்க்கடலை ஒவ்வாமை உண்டா என்று மகள் முதலில் கேட்டுவிடட்டும். தனிநபர் அனுப்பும் பரிசுக்கு 45 யூரோ மதிப்பு வரை சுங்கவரி இல்லை. உள்ளே இருப்பதையும் விலையையும் படிவத்தில் உள்ளபடி எழுதுங்கள்.

நானாக இருந்தால் ஒரு பித்தளை டபரா செட், ஒரு சின்ன பில்டர், கால் கிலோ காபித்தூள் அனுப்புவேன். பால் அங்கேயே கிடைக்கும். 25ஆம் தேதி காலை அந்த வீட்டு அடுப்பில் டிகாக்‌ஷன் இறக்குவது உங்கள் மகள் பொறுப்பு.