கீதாரியின் கையில் செல்போன்

அன்புள்ள ஐயா,

மாசி மாதம் தஞ்சாவூர்ப் பக்கம் போனபோது, ஆட்டுக் கிடை போட்டிருந்த ராமநாதபுரத்துக் கீதாரிகளை, அதாவது மந்தையோடு ஊர் ஊராகப் போகும் இடையர்களைப் படம் எடுத்தேன். முண்டாசு, தொரட்டி, மாலை வெயிலில் எழும் புழுதி எல்லாம் நன்றாக அமைந்தன. ஆனால் எந்தப் படத்திலும் ஒரு செல்போனோ நீலத் தார்ப்பாயோ பைக்கோ வந்து நிற்கிறது. அவற்றை ஒதுக்கச் சொல்லி எடுப்பது தவறா? மரபைப் பதிவு செய்யத்தானே போகிறோம்?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

சொன்னால் ஒதுக்கிவிடுவார்கள். தேடி வந்தவரிடம் முடியாது என்று சொல்லத் தெரியாதவர்கள். அதனாலேயே கேட்காதீர்கள் என்கிறேன்.

அந்தச் செல்போனில் அவர் யாரோடு பேசிக்கொண்டிருந்தார்? அநேகமாக அடுத்த வயல்காரரோடு. சம்பா அறுத்த வயலில் ராத்திரி ஆட்டை அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். இத்தனை ஆட்டுக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி முடிக்க வேண்டும். விடிந்ததும் கிடையைச் சுற்றிக் கட்டிய வலையைப் பிடுங்கிப் பக்கத்து வயலில் அடிக்க வேண்டும். பேச்சு முடியாவிட்டால் அன்றைக்கு வருமானம் இல்லை. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறக்கிற வருஷமென்றால், குறுவை நெல் வேலை தொடங்குவதற்குள் மந்தையைக் கிளப்பியாக வேண்டும். முன்பு இந்தப் பேச்சுக்காகவே கீதாரி ஊர் ஊராக நடந்தார். இப்போது போன் போடுகிறார். தொழில் அதேதான். முண்டாசு வெயிலுக்குக் கட்டியது, உங்களுக்காக அல்ல!

நானும் யோக்கியனில்லை. பல வருஷங்களுக்கு முன் மானாமதுரைப் பக்கம் ஒரு கிடையில் ராத்திரி பிளாஷ் போட்டேன். ஒரே தடவைதான். படுத்திருந்த ஆடுகள் மொத்தமாக எழுந்து எதிர்ப்பக்க வலையில் போய் விழுந்தன. இரண்டு குச்சிகள் பிடுங்கிக்கொண்டன. விடியும்வரை டார்ச்சும் கையுமாக ஆடு தேடினார்கள். யாரும் திட்டவில்லை. "பகல்ல வாங்க சார்" என்றார் பெரியவர், அவ்வளவுதான். அந்தப் படத்தை இதுவரை யாருக்கும் காட்டவில்லை.

சரி, அடுத்த முறை காலையிலேயே போங்கள். கூண்டைத் திறந்து குட்டிகளை விடும் நேரம். குட்டி கத்தும், தாய் பதில் கத்தும், அந்த இரைச்சலில் ஒவ்வொன்றும் தன்னுடையதைக் கண்டுபிடித்துவிடும். சேர்க்காத தாயும் உண்டு. அதன் காலைப் பிடித்துக்கொண்டு குட்டியை மடிக்குக் கொடுப்பார்கள். அந்தக் கைகளை எடுங்கள். ராமநாதபுரம் வெள்ளை இனமென்றால், கேமரா வெள்ளையைப் பார்த்து ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும். முண்டாசு நிழலில் இருக்கும் முகத்துக்கு வெளிச்சம் அளந்துகொள்ளுங்கள்.

அப்புறம், அவருடைய நம்பர் வாங்கினீர்களா? படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஆடுகள் இருக்கும் படங்களை முதலில் அனுப்புங்கள். தன் முகத்தைவிட அவற்றைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார்.