லைனுக்குக் கீழே கம்பி வேலி சுரீர் என்கிறது: பதில்

வணக்கங்க. காங்கேயம் பக்கம் தோட்டத்துக்கு மேலே 400 கிலோவோல்ட் லைன் போகிறது, கம்பி வேலியைத் தொட்டால் சுரீர் என்கிறது, சாளையில் (தோட்டத்து வீட்டில்) இருக்கும் சின்னப் பிள்ளைக்கு ஆகாதோ என்று கேட்டிருந்தீர்கள்.

அந்தச் சுரீர் மனப்பிரமை இல்லைங்க. லைனின் மின்புலம், கல்லுக்காலில் நிற்கும் கம்பியில் மின்னூட்டத்தை ஏற்றுகிறது. தொட்டதும் அது உங்கள் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்குகிறது. விவரம் தெரிந்த எலக்ட்ரீசியனை வைத்து வேலியைச் சில இடங்களில் எர்த் செய்யுங்கள். கட்டுத்தறியின் தகரக் கூரையையும் விடாதீர்கள், மாடு பாவம். ஆனால் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தால் கிணற்று மோட்டார் ஒயரில் கசிவு இருக்கலாம். கை வைக்காமல் உடனே மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

சரி, பிள்ளை விஷயம். மின்புலத்தைச் சுவர் பெருமளவு தடுக்கும். லைனில் ஓடும் மின்சாரத்தால் வரும் காந்தப்புலத்தைத் தடுக்காது, ஆனால் தூரம் போகப் போக அது வேகமாகக் குறையும். காந்தப்புலத்துக்குப் பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு 200 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). ஆனால் ஆய்வுகளில், சராசரியாக 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருந்த வீடுகளில் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் கூடுதலாகத் தெரிந்தது. காந்தப்புலம்தான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. தோட்டத்தை விற்க வேண்டாங்க. சாளை லைனை ஒட்டி இருந்தால், பிள்ளை தூங்கும் இடத்தை மறுபக்கம் மாற்றுங்கள். கதிர்வீச்சைத் தடுக்கும் என்று விற்கிற ஸ்டிக்கருக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள்.