வெதர்ஸ்பூன் பப்புக்கு முதல் முறை போகிறவர்களுக்கு: மேசை எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்

கேள்வி: மான்செஸ்டரில் முதுநிலைப் படிப்புக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமை மாலை நகர மையத்தில் உள்ள வெதர்ஸ்பூன் பப்புக்கு வகுப்பு நண்பர்கள் அழைக்கிறார்கள். நான் குடிப்பதில்லை, சைவம். செலவுக்கும் அளவான பணம்தான் இருக்கிறது. போவதா, வேண்டாமா?

பதில்: தயங்காமல் போங்கள். உங்களைப் போன்ற நிலையில் இருப்பவர்களுக்கு பிரிட்டனில் இதைவிடத் தோதான பப் கிடைப்பது கடினம். டிம் மார்ட்டின் 1979இல் வடக்கு லண்டனின் மஸ்வெல் ஹில்லில் தொடங்கிய, பல ஊர்களில் கிளைகள் உள்ள பப் நிறுவனம் இது. பழைய வங்கிகள், திரையரங்குகள், தபால் நிலையங்களை வாங்கிப் பெரிய பெரிய கூடங்களாக மாற்றியிருக்கிறார்கள். உங்கள் ஊரில் டீன்ஸ்கேட் தெருவில் இருக்கும் 'மூன் அண்டர் வாட்டர்' ஒரு காலத்தில் சினிமா கொட்டகை. அவ்வளவு பெரிய கூட்டத்தில் உங்கள் கோப்பையில் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கப்போவதில்லை. பெரும்பாலான கிளைகளில் பாட்டும் போடமாட்டார்கள். மான்செஸ்டர் ஆங்கிலத்துக்குக் காது இன்னும் பழகாதவருக்கு இது பெரிய உபகாரம்.

உள்ளே போனதும் யாராவது வந்து இடம் காட்டுவார்கள் என்று நிற்காதீர்கள். காலியான மேசையை நீங்களேதான் பிடிக்க வேண்டும். வெள்ளி மாலை வேலை முடிந்து கூட்டம் வந்துவிட்டால் அதுவே பெரிய பாடு. ஆகவே குழுவில் ஒருவர் முன்னதாகப் போய் உட்காருவது நல்லது. உட்கார்ந்ததும் மேசையில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அங்கே எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் நடக்கிறது.

பார் கவுன்ட்டரில் எண்ணைச் சொல்லி, உணவுக்கு அங்கேயே காசு கட்டிவிட்டால் தட்டு மேசைக்கு வரும். கவுன்ட்டரில் வாங்கும் பானத்தை நீங்களே எடுத்துவர வேண்டும். ஊழியரைக் கூப்பிடுவதோ கையசைப்பதோ அங்கே மரியாதை இல்லை. உங்களுக்கு முன்னால் வந்தவர் யார் என்பதை மட்டும் மனதில் வைத்திருங்கள். ஊழியர் முதலில் உங்களைப் பார்த்தால், "இவர் எனக்கு முன்பே வந்தார்" என்று கைகாட்டிவிடுங்கள். மற்றவர்களும் உங்களுக்கு அப்படியே செய்வார்கள்.

ஆனால் உங்களுக்கு நான் சொல்வது செயலிதான். கைபேசியில் அவர்களுடைய செயலியை இறக்கி, கிளையையும் மேசை எண்ணையும் கொடுத்துக் காசு கட்டினால் உணவு, பானம் இரண்டும் இருக்கும் இடத்துக்கே வரும். ஒரே ஒரு கவனம் வேண்டும்: நகர மையத்தில் பக்கத்துப் பக்கத்தில் பல கிளைகள் உண்டு. மூன் அண்டர் வாட்டரில் உட்கார்ந்துகொண்டு ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டில் உள்ள 'பாரமவுன்ட்' கிளையைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் தட்டு அங்கே போய்விடும். விலையும் கிளைக்குக் கிளை மாறும். ரயில் நிலையம், விமான நிலையக் கிளைகளில் கூடுதலாக இருக்கும்.

செயலியைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரிட்டனில் நண்பர்கள் கூடினால் 'ரவுண்ட்' என்ற வழக்கம் இருக்கிறது. ஒரு முறை ஒருவர் எல்லாருக்கும் வாங்குவார், அடுத்த முறை அடுத்தவர். ஆறு பேர் இருந்தால் எலுமிச்சை சோடா குடிக்கும் நீங்கள் ஐந்து பைன்ட் (பெரிய கோப்பை) பீருக்குப் பணம் கட்ட வேண்டி வரும். ஒரு ரவுண்டில் வாங்கிக் குடித்துவிட்டு உங்கள் முறை வரும்போது நழுவுவதை மட்டும் செய்யாதீர்கள், அது மனதில் நிற்கும். முதலிலேயே சிரித்த முகத்தோடு, "நான் குடிப்பதில்லை, எனக்கானதை நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பல உணவுகளின் விலையிலேயே ஒரு பானமும் சேர்ந்திருக்கும். அதைத் தனியாக வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள். மதுவில்லாத பீர் சுவைக்க விரும்பினால் 0.0 என்று எழுதியதைப் பாருங்கள். 0.5 சதவீதம் என்றால் சிறிதளவு ஆல்கஹால் இருக்கிறது.

சைவ விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. அங்கே சைவம் என்று குறித்த உணவில் முட்டை இருக்கலாம். முட்டையும் வேண்டாம் என்றால் வீகன் (முட்டை, பால் உட்பட விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராதது) குறியுள்ளதைத் தேடுங்கள். வறுத்த உருளைக்கிழங்கு மீன் பொரித்த எண்ணெயில் வந்ததா என்று கேட்டுவிடுங்கள். எதில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதைச் செயலியிலேயே பார்க்கலாம்.

வெள்ளி இரவில் வாசலில் பப்பின் காவலாளி நின்று, குடிக்காதவரிடமும் வயதுச் சான்று கேட்கக்கூடும். மது வாங்க வயது 18தான் என்றாலும், இளமையாகத் தெரிந்தாலே கேட்பார்கள். கைபேசியில் உள்ள பாஸ்போர்ட் படம் செல்லாது. அசலைக் கூட்டத்துக்குள் கொண்டுபோய்த் தொலைத்தால் பெரும் அலைச்சல். 185 நாள் அல்லது அதற்கு மேல் பிரிட்டனில் தங்க அனுமதி உள்ள மாணவர்கள் தற்காலிக ஓட்டுநர் உரிமத்துக்கு (provisional licence, வண்டி பழகுபவருக்கான உரிமம்) விண்ணப்பிக்கலாம். இணையத்தில் 34 பவுண்டு, அஞ்சலில் 43 பவுண்டு. வண்டி ஓட்டாவிட்டாலும் அடையாள அட்டையாக எங்கும் பயன்படும்.

காசு முன்பே கட்டிவிடுவதால் பில்லுக்குக் காத்திருக்கும் வேலை இல்லை, டிப்ஸும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. சத்தம் அதிகமானதும் நண்பர்களிடம் சொல்லிவிட்டு எழுந்து வரலாம். வெள்ளி இரவு உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால், அடுத்த முறை காலை உணவுக்கு அவர்களை நீங்கள் அழையுங்கள். பல கிளைகள் காலை 8 மணிக்கே திறந்துவிடும், ஒரு காபிக்குக் காசு கொடுத்தால் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளலாம்.