மாட்டுப் பொங்கலன்று வேண்டாம்

வணக்கம்.

எங்கள் பையனுக்கு இரண்டு வயது இரண்டு மாதம். தெருவில் நிற்கும் மாட்டைத் தவிர வேறு எந்தப் பிராணியையும் அவன் கிட்டத்தில் பார்த்ததில்லை. சோழவரம் பக்கம் வீட்டுக்காரரின் சித்தப்பா சின்னப் பண்ணை வைத்திருக்கிறார். மூன்று கறவை மாடு, ஒரு எருமை, பத்துப் பன்னிரண்டு ஆடு, கோழி, வாத்து, ஒரு கூண்டு முயல். மாட்டுப் பொங்கலன்று மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். முதலில் முயலைத் தூக்கவைத்துப் பயத்தைப் போக்கிவிட்டு, பையன் கையாலேயே மாட்டுக்குப் பொங்கல் கொடுக்கவைக்கலாம் என்று ஆசை. பிரெட், பிஸ்கட் வாங்கிப் போகலாமா? மாமியார், "கிருமி ஒட்டிக்கும், வேணாம்" என்கிறார். மாதவரம் பால்பண்ணையிலேயே கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அங்கே காட்டிவிட்டு வந்துவிடலாமா என்றும் யோசனை.

ர., கொடுங்கையூர்

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். மாதவரத்தில் இருப்பவை படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் வளர்க்கிற கால்நடைகள். பூங்காவுக்குப் போவதுபோல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நுழைகிற இடமில்லை அது. சித்தப்பாவின் பண்ணையே நல்லது. தேதியை மட்டும் மாற்றுங்கள்.

மாட்டுப் பொங்கலன்று மாடு தன் இயல்பில் இருக்காது. குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, கழுத்தில் சலங்கை கட்டி, சுற்றி நின்று எல்லோரும் கத்துகிற நாள். சாதுவான மாடும் தலையை உதறும். போதாததற்குப் பொங்கல் வேறு. ஆளுக்கு ஓர் உருண்டைதானே என்று நினைப்போம், பத்துப் பேர் கொடுத்தால் அது ஒரு படிச் சோறு. மாட்டின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் புல்லையும் வைக்கோலையும் மெதுவாகச் செரிக்கப் பழகியவை. வெந்த அரிசியும் வெல்லமும் மொத்தமாக இறங்கினால் சடசடவென்று புளித்து அமிலம் ஏறிவிடும். அசைபோடுவது நிற்கும், வயிறு உப்பும், கழியும், மாடு படுத்துவிடும். அளவு மிஞ்சினால் செத்தும் போகும். பிரெட்டும் பிஸ்கட்டும் இதே கதைதான், ஆட்டுக்கு இன்னும் சீக்கிரம். பெரிய ஆட்டுக்கே ஒரு நாளைக்கு அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்தது) 200 முதல் 300 கிராம்தான் வைப்பார்கள். குழந்தை ஆசையாக ஒரு கிண்ணம் அரிசியைக் கொட்டினால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வருகிற ஞாயிறு காலை ஆறரைக்கெல்லாம் அங்கே இருங்கள். கறவை முடிந்து தீனிக்கு நிற்கிற நேரம் அது. பதினொரு மணிக்குப் போனால் எல்லாம் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும், வேண்டாவெறுப்பாக முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். கிளம்புமுன் ஒரு போன் போட்டு, ஊரில் கோமாரி (மாட்டுக்கு வாயிலும் காலிலும் புண் வரும் தொற்றுநோய்) ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் தெருவில் மாட்டுச் சாணியை மிதித்த செருப்போடு அங்கே போக வேண்டாம், நோய் அப்படியும் போய்ச் சேரும்.

இனி முயல். எல்லோரும் அதைத்தான் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு அதைக் கடைசியில்கூட வைக்கமாட்டேன். முயலுக்கு மேலும் கீழும் உளிபோன்ற முன்பற்கள். தன் மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது அதற்குக் கண்ணுக்குத் தெரியாது, வாசனையை வைத்துத்தான் கவ்வும். கேரட் வாசம் அடிக்கிற சின்ன விரலும் அதற்குக் கேரட்தான். தூக்கினால் பின்னங்கால் நகத்தால் கீறித் துள்ளும், நழுவி விழுந்தால் அதன் முதுகெலும்பு உடையும். கூண்டுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி நின்று பார்க்கட்டும், போதும்.

ஆட்டில் தொடங்குங்கள், அதுவும் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆட்டில். ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேல் முன்பல் கிடையாது, தடித்த ஈறுதான். ஆனால் கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் உண்டு, அதனால் விரல் வாய்க்குள் போகக்கூடாது. உள்ளங்கையில் வைத்து நீட்டுவதெல்லாம் பிறகு. முதல் தீனி ஒரு முழ நீளத்துக்கு அகத்திக்கொத்து. கைக்கும் வாய்க்கும் நடுவே ஓர் அடியாவது இருக்கும்.

இதில் எல்லோரும் தவறவிடுகிற விஷயம் ஒன்று. ஆடு வெடுக்கென்று இழுக்கும். இந்த வயதில் பிடித்ததை விடத் தெரியாது, கொத்தோடு சேர்ந்து பிள்ளையும் முகம் குப்புற வேலியில் போய் இடிப்பான். நீங்கள் அவன் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காம்பின் அடியை உங்கள் கையில் பிடியுங்கள். அவன் கை அதற்கு மேலே. இழுப்பை உங்கள் கை வாங்கிக்கொள்ளும், கொடுத்தது தான்தான் என்று அவனுக்குத் தோன்றும். நாலைந்து கொத்துக்குப் பிறகு, அவன் தயாராக இருந்தால், உங்கள் உள்ளங்கையைத் தட்டையாக நீட்டி, கட்டைவிரலை ஒட்டவைத்து, அதன்மேல் அவன் கை, அதன்மேல் இலை. குவித்த கையும் மூடிய விரலும் ஆகாது. தலையில் மல்லிச்சரமோ தொங்கும் நாடாவோ உள்ள அக்கா தங்கை கூட வந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள், ஆடு அதையும் தீனிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். கிடாவும் புதிதாகக் குட்டி போட்ட ஆடும் இருக்கும் பக்கமே வேண்டாம்.

மாட்டுக்கு நாக்குதான் கை. உப்புத்தாள்போலச் சொரசொரவென்று சுற்றி இழுக்கும். பயம் வருவது பெரும்பாலும் அந்த நாக்கால்தான், கொம்பால் அல்ல. அதனால் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, முதலில் நீங்கள் கொடுப்பதை அவன் பார்க்கட்டும். கட்டியிருக்கும் மாட்டின் தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போங்கள். நேர் பின்னால் நிற்பது அதற்குத் தெரியாது, உதை பக்கவாட்டிலும் வீசும். கன்று போட்டுச் சில நாளே ஆன மாட்டைச் சித்தப்பாவே காட்டிவிடுவார், அதைத் தூரத்தில் இருந்து பார்த்தால் போதும். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான். கையைப் பிடித்து நீட்டவைத்தால் அடுத்த முறை வாசலிலேயே அழுவான்.

கோழிக்கும் வாத்துக்கும் எறிகிற தீனிதான். 100 கிராம் கம்பு நிறையவே போதும். பையை அவனிடம் தராதீர்கள், ஒவ்வொரு சிட்டிகையாக உள்ளங்கையில் போடுங்கள். இந்த வயதில் தானியம் போகிற இடம் கோழியின் அலகு மட்டுமல்ல, சொந்த மூக்கும் காதும்தான். குஞ்சைக் கையில் கொடுக்க வேண்டாம். அவன் பிடி அதற்குத் தாங்காது, தாய்க்கோழி பாய்கிற உயரத்தில்தான் அவன் கண் இருக்கிறது, குஞ்சின் எச்சத்தில் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

இங்கே உங்கள் மாமியார் சொல்வது சரி. ஐந்து வயதுக்குள் இந்தக் கிருமிகள் பலமாகத் தாக்கும். அதற்காகப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. தொழுவத்துக்குள் பால்பாட்டில், தண்ணீர்பாட்டில், தின்பண்டம் எதுவும் வேண்டாம். மூடின செருப்பு, முழுக்கால் சட்டை போடுங்கள். வெளியே வந்ததும் சோப்பும் ஓடும் தண்ணீரும், இருபது எண்ணும் வரை தேய்த்து. சானிடைசர் சாணிக்கையில் சரியாக வேலை செய்யாது, சில கிருமிகளுக்கு அது பொருட்டே இல்லை. ஐந்து லிட்டர் கேன் ஒன்று வண்டியில் இருக்கட்டும். கறந்த சூட்டோடு ஒரு டம்ளர் பால் நீட்டுவார்கள், காய்ச்சாமல் கொடுக்காதீர்கள். பத்து நாளுக்குள் ரத்தம் கலந்த கழிச்சல் வந்தாலோ, மூன்று வாரத்துக்குள் விடாத காய்ச்சல் வந்தாலோ, பண்ணைக்குப் போனதை டாக்டரிடம் சொல்லுங்கள். உண்ணிக்காய்ச்சலை (ஸ்க்ரப் டைபஸ், சிற்றுண்ணி கடித்து வருவது) அவர் நினைத்துப் பார்க்க அது உதவும்.

பண்ணை நாயை முன்பே கட்டச் சொல்லுங்கள், குட்டி போட்டிருந்தால் கட்டாயமாக. நாய், பூனையின் பல்லோ நகமோ பட்டுவிட்டால், பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு ஏதும் தடவ வேண்டாம். அன்றே வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டும். அங்கேயே அரசு ஆஸ்பத்திரியில் போடலாம், இல்லாவிட்டால் சென்னைக்குத் திரும்பியதும் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது.

அகத்தி சித்தப்பாவின் வரப்பில் இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் சனிக்கிழமை மாலை ஒரு கட்டு வாங்கி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், காலை வரை வாடாது.