ஐப்பசியில் பூங்காவுக்கு என்ன வேலை?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் போகிற போக்கில், "மழை வந்துவிட்டது என்று பிள்ளைகளை மார்கழி வரை வீட்டுக்குள் பூட்டி வைக்காதீர்கள், வெறித்த நேரம் பார்த்துப் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு மதுரை வட்டார வாசகர்களிடமிருந்து வந்தவைதான் இந்த முறை முழுக்க. பாதி கேள்வி, பாதி திட்டு. திட்டிலும் நியாயமானவற்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: 'இலையுதிர் காலத்தில் ஒரு பூங்கா' என்று படம் வரைந்து வரச் சொன்னார்களாம். ஆறாவது படிக்கும் என் மகள் யூடியூப் பார்த்துச் சிவப்பும் மஞ்சளுமாக இலைகளை வரைந்து வைத்துக்கொண்டு, "இதே மாதிரி நம்ம ஊர்ல எங்கம்மா இருக்கு, கூட்டிட்டுப் போ" என்று ஒரே பிடிவாதம். எங்கே கூட்டிப் போவது? – ஒரு வாசகி, அனுப்பானடி

பதில்: எங்கேயும் இல்லை, பாப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அக்டோபரில் இலை சிவந்து உதிர்வது குளிர்நாட்டு மரங்களின் வேலை. பகல் சுருங்கச் சுருங்க இலையில் பச்சையம் வற்றி உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரியும், அப்புறம் மொத்தமாகக் கொட்டிவிட்டு மொட்டையாக நின்று குளிரைக் கடத்தும். நம் மரத்துக்குக் குளிரைப் பற்றி என்ன பயம்? அதன் பயம் வறட்சி. அதனால் நம்மூர் வேம்பும் அரசும் புங்கனும் மாசி, பங்குனியில்தான் உதிர்க்கும், உதிர்த்த கையோடு துளிர்த்துச் சித்திரைப் பிறப்புக்கு வேப்பம்பூ ரசம் வைக்கிற அளவுக்குப் பூத்தும் விடும்.

நம் கணக்கில் ஆவணியும் புரட்டாசியும் கார்காலம், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். பாட நூல் மொழிபெயர்த்த 'இலையுதிர் காலம்' நடக்கிற நேரத்தில் நமக்கு மழை நடக்கிறது, கண்மாய் நிறைகிறது, புல் முளைக்கிறது, எல்லாமே தலைகீழ். ஆனால் உதிர்வதை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. மரமல்லி இந்த மாதங்களில்தான் பூக்கும். பழைய பள்ளிக்கூட வளாகங்களிலும் சில பூங்காக்களிலும் நெட்டுக்குத்தாக உயர்ந்து நிற்கும் மரம், நீளக் காம்பு வைத்த வெள்ளைப் பூ, ராத்திரி பூத்து விடியும்போது தரை முழுக்கக் கிடக்கும். காலை ஆறரைக்குள் போனால் மிதிபடாத பூவாகப் பொறுக்கலாம், காம்போடு காம்பு வைத்து நூல் இல்லாமலே பின்னலாம். அதை வரையச் சொல்லுங்கள். மார்க் குறைந்தால் எனக்கு எழுதுங்கள், டீச்சருக்கு நான் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மழைக்காலத்தில் பூங்காவுக்குப் போ என்று சொல்வது பைத்தியக்காரத்தனமாக உங்களுக்கே தோன்றவில்லையா? – செல்லூர் வாசகர்

பதில்: கூதிர்காலத்து ராத்திரியில் தூறலைக் கொஞ்சமும் சட்டை செய்யாமல் கள் குடித்துவிட்டுத் தெருவில் திரிந்தவர்களைச் சங்கப் பாட்டிலேயே பார்க்கலாம். கள்ளை விட்டுவிடுங்கள், மற்றதைக் கடைப்பிடிக்கலாம்.

கேள்வி: எங்கள் பகுதிப் பூங்காவில் தினமும் நடைப்பயிற்சி செய்யும் முப்பது பேர் சேர்ந்து தீபாவளி முடிந்ததும் ஒரு குடும்ப விழா நடத்த நினைக்கிறோம். மேடை, மைக், சிறப்பு விருந்தினர், மாலை ஐந்து மணிக்கு ஆரம்பம் என்று திட்டம். அனுமதி யாரிடம் வாங்க வேண்டும்? – ஓய்வுபெற்ற ஊழியர், அண்ணா நகர்

பதில்: ஐயா, அனுமதியை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்த ஐந்து மணியை மாற்றுங்கள். ஐப்பசியில் மதுரை மழைக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. காலையில் பளிச்சென்று வெயிலடித்து ஏமாற்றும், மத்தியானம் புழுங்கும், நாலு மணிக்கு மேல் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்து இடியோடு கொட்டும். எல்லா நாளும் இப்படித்தான் என்று சத்தியம் செய்ய முடியாது, புயல் சின்னம் உருவானால் காலையிலிருந்தே நசநசவென்று பெய்யும், ஆனாலும் பந்தயம் கட்டுவதென்றால் நான் காலை மேல்தான் கட்டுவேன்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன்னால் இதே மாதிரி ஒரு விழாவுக்கு நானும் ஓடியாடி வேலை பார்த்தேன், எந்த அமைப்பு, எந்தப் பூங்கா என்பது இப்போது வேண்டாம். ஷாமியானா, வாடகை மேடை, அறுபது நாற்காலி. விருந்தினர் நாலரைக்கு வருகிறேன் என்றவர் ஆறுக்குத்தான் வந்தார், மழை சரியாக ஐந்தேகாலுக்கு வந்துவிட்டது. கும்மி ஆட வந்த சின்னப் பிள்ளைகளின் மை கன்னத்தில் வழிய, ஒயர் நனைந்து மைக் கரகரக்க, ஷாமியானா நடுவில் தண்ணீர் தேங்கிப் பானை மாதிரி தொங்க, அதைக் கம்பால் குத்தப் போன புண்ணியவான் மேலேயே மொத்தத் தண்ணீரும் கொட்டியது. எல்லோரும் சிரித்தோம், சரி, ஆனால் நனைந்த தரையில் ஜெனரேட்டர் ஒயர் கிடந்ததை இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

அதனால் நான் சொல்வது, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை, மேடை இல்லாமல். மைக்கும் முப்பது குடும்பத்துக்கு எதற்கு? பிடிவாதமாக வேண்டுமென்றால் காவல்துறை அனுமதி வாங்க வேண்டும், அதோடு இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000இல் வந்த ஒலி மாசு விதி. மாநகராட்சிப் பூங்கா என்றால் ஆணையர் பெயருக்கு ஒரு கடிதம் எழுதி உங்கள் மண்டல அலுவலகத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்தோ சீலோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் 100 வார்டு, 5 மண்டலம். உங்கள் வார்டு எந்த மண்டலத்தில் வருகிறது என்பதைக் கவுன்சிலரிடம் கேட்டுக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம். பூங்காவைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவிடமும் வாட்ச்மேன் அண்ணனிடமும் ரெண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள், அவர்களையும் குடும்பத்தோடு கூப்பிடுங்கள். சுண்டலும் சுக்குமல்லிக் காப்பியும் போதும். மந்தார இலையில் சுண்டல், வீட்டிலிருந்து அவரவர் டம்ளர். பிளாஸ்டிக் கப்புக்கும் தட்டுக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை, ஆனால் விழா முடிந்த பூங்காக்களைப் பார்த்தால் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

பிள்ளைகளுக்கு விளையாட்டு வைப்பீர்கள், அதில் ஒரு சின்ன விஷயம். ஈரத்தரையில் பம்பரம் நிற்காது, கோலி உருளாது. நொண்டிக்குக் கோடு போட்டால் அருமையாகப் பதியும், ஆனால் பேவர் பிளாக் மேல் மட்டும் வேண்டாம், பாசி பிடித்து வழுக்கும். மண் தரையாகப் பாருங்கள். பெரியவர்களுக்குக் கல் பெஞ்சிலேயே பல்லாங்குழியும் தாயமும் போட்டுவிட்டால் ஒன்பது மணிக்கு எழுப்புவதுதான் சிரமம்.

கேள்வி: போன வருடம் தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டுக் கொல்லையில் பச்சை முதுகு, நீல இறக்கை, வால் குட்டை, அடிவயிறு சிவப்பு என்று ஒரு குருவி மயங்கிக் கிடந்தது. காக்காய் கொத்த வந்ததால் உள்ளே எடுத்து வைத்தோம், சாயங்காலம் பறந்துவிட்டது. அது என்ன பறவை? இந்த வருடமும் வருமா? – கல்லூரி மாணவர், திருப்பாலை

பதில்: தம்பி, உங்களைத் தேடி வந்தது ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். விடியும்போதும் பொழுது சாயும்போதும் கிட்டத்தட்ட ஆறு மணிக்கு விசிலடிக்கிற மாதிரி கத்துவதால் அந்தப் பெயர். வடக்கே இமயமலை அடிவாரத்திலும் நாட்டின் நடுப்பகுதிக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, நம்மூர் மழைக்காலம் தொடங்கும்போது தெற்கே இறங்கி வரும். ராத்திரியில் பறந்து வருவதால் விடியும்போது களைத்து எங்கேயாவது தோட்டத்தில் விழும், சில நேரம் கண்ணாடி ஜன்னலில் மோதும். நீங்கள் செய்தது சரிதான். அடுத்த முறை ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள் இருட்டாக வைத்து ஒன்றிரண்டு மணி நேரம் சும்மா விடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். கூண்டில் வளர்க்கலாமா என்று நண்பர்கள் கேட்டால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லுங்கள்.

வருமா என்றால், வரும், இருக்க இடம் இருந்தால். இங்கேதான் முதல் கேள்வி கேட்ட அனுப்பானடி அம்மாவின் இலைக்கதை திரும்ப வருகிறது. இந்தக் குருவி மரத்தில் இரை தேடாது, தரையில் தத்தித் தத்தி நடந்து, மக்கின சருகைப் புரட்டி அதற்கடியில் இருக்கும் புழு பூச்சியைத் தின்னும். நாமோ பூங்கா என்றால் ஒரு சருகு கிடக்கக் கூடாது, எல்லா இடத்திலும் சிமெண்டும் கொரியன் புல்லும் இருந்தால்தான் சுத்தம் என்று நினைக்கிறோம். உங்கள் பகுதிப் பூங்காவில் வேலிப்பக்கம் ஒரு மூலையைப் பெருக்காமல் விடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், ஒரு பைசா செலவில்லை.

நகருக்குள் தேடிப் பார்ப்பதென்றால் ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் இருக்கும் காந்தி மியூசியம் வளாகத்தில் மரங்கள் அடர்த்தி, பக்கத்திலேயே ராஜாஜி பூங்கா. நீர்ப்பறவைக்கு வண்டியூர் கண்மாய்க் கரை, இன்னும் பொறுமை இருந்தால் சாமநத்தம் கண்மாய். பழுப்புக் கீச்சான், தகைவிலான், சாம்பல் வாலாட்டி எல்லாம் இந்த மாதங்களில் வரும் விருந்தாளிகள்தான். நவம்பர் 12 பறவையியலாளர் சாலிம் அலி 1896இல் பிறந்த நாள், தேசியப் பறவைகள் தினம் என்று கொண்டாடுகிறார்கள்; கல்லூரியில் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு காலை ஆறு மணிக்கு ஒரு நடை போனால் அதுவே பெரிய விழா. பைனாகுலர் இல்லாவிட்டால் பரவாயில்லை, காது போதும். இன்னொரு பழமொழியும் சோதித்துப் பார்க்கலாம், 'தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை' என்பார்கள், எனக்கு மூன்று முறை பலித்தது, இரண்டு முறை காய வைத்தது.

கேள்வி: எல்லாம் சரி, டெங்கு வந்தால் நீங்களா ஆஸ்பத்திரிக்கு வருவீர்கள்? – இரண்டு பிள்ளைகளின் தாய், வில்லாபுரம்

பதில்: கோபம் நியாயம்தான். டெங்கு கொசு பகலில் கடிக்கும், அதிலும் விடிந்து கொஞ்ச நேரமும் பொழுது சாய்வதற்கு முன்பும் அதிகம், அதாவது நாம் பூங்காவுக்குப் போகிற அதே நேரம். முழுக்கை, முழுக்கால் உடுப்பு போட்டு அனுப்புங்கள். அது சாக்கடையில் முட்டையிடுகிற ரகம் இல்லை, தேங்கின நல்ல தண்ணீர் வேண்டும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். பூங்காவில் முதலில் பார்க்க வேண்டியது டயர் ஊஞ்சல். அடியில் ஓட்டை போடாத டயர் என்றால் அது ஊஞ்சல் இல்லை, கொசுப்பண்ணை. இதை நான் சொல்லிப் பலன் இல்லை, நாலு தாய்மார்கள் சேர்ந்து போய்ச் சொன்னால் அன்றைக்கே ஓட்டை விழும். அப்புறம் இடி இடித்தால் மரத்தடியில் நிற்கக் கூடாது என்பதையும், ஈரக்கையோடு விளக்குக் கம்பத்தைத் தொடக் கூடாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் இளைஞர்கள் சேர்ந்து ஐந்நூறு பனங்கொட்டை சேர்த்து வைத்திருக்கிறோம். ஊரில் புதிதாக அமைத்த சிறுவர் பூங்காவில் நடலாமா? – மேலூர் பக்கத்திலிருந்து

பதில்: நல்ல காரியம், இடம்தான் தப்பு. ஊஞ்சலுக்குப் பக்கத்தில் பனையை வைத்தால் பின்னாளில் மட்டையும் காயும் விழுவது யார் தலையில்? கண்மாய்க் கரைக்குப் போங்கள், தண்ணீர் திறந்துவிடும் மடைக்கும் மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலுங்குக்கும் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டுப் பத்தடிக்கு ஒன்றாக, ஒரு அடிக் குழியில். கேட்க வேண்டிய இடம் ஆயக்கட்டை, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாய்கிற நிலத்தின் அளவைப் பொறுத்தது, 100 ஏக்கருக்கு மேல் பாய்கிற கண்மாய் என்றால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். முளை முதலில் கீழே இறங்கிக் கிழங்கு வைத்து அதற்கப்புறம்தான் இலை மேலே வரும், அதனால் ரெண்டு மாதத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று தோண்டிப் பார்க்க வேண்டாம். தை மாதம் பனங்கிழங்குக்கு நாக்கைத் தீட்டிக்கொண்டு தோண்டுகிறவர்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் உங்கள் குழுவிலேயே இருப்பார்கள்.

கேள்வி: எங்கள் அப்பத்தாவுக்கு 78 வயது. மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே இருந்து மனசு சோர்ந்து போகிறது. படி ஏறாமல், கூட்டத்தில் இடிபடாமல் சாயங்காலம் எங்கே கூட்டிப் போகலாம்? – ஒரு பேத்தி, காமராஜர் சாலை

பதில்: உங்களுக்குப் பக்கத்திலேயே தெப்பக்குளம் இருக்கும்போது வேறெங்கே போகப் போகிறீர்கள்? 1645இல் திருமலை நாயக்கர் வெட்டியது, தண்ணீர் நிறைந்து கிடந்தால் மதுரைக்காரர்களுக்கு அதுதான் கடற்கரை. முழுச் சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேலே வரும், அப்பத்தாவுக்கு ஒரு பக்கம் நடந்தால் போதும். ஞாயிறு வேண்டாம், தின்பண்ட வண்டிகளும் பைக்குகளும் சேர்ந்து நடக்க விடாது. செவ்வாய், புதன் மாதிரி நாளில் மழை வெறித்து அரை மணி கழித்துப் போங்கள், நடு மண்டபம் தண்ணீரில் தெரியும், காற்றும் குளிர்ந்திருக்கும். ஒரு குடை, ஒரு சால்வை, மடக்கு ஸ்டூல் ஒன்று. பருத்திப்பால் வாங்கிக் கொடுங்கள், சர்க்கரை இருந்தால் அரை டம்ளர்; மீதி அரை டம்ளரை நீங்கள் குடிக்க விடுவாரா என்பது உங்கள் சாமர்த்தியம்.