கல்லில் இல்லாத புள்ளியை அவள் போடவில்லை

அம்மா, போன ஞாயிற்றுக்கிழமை மகளை மேலே என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்டு நீங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து அவளோடு வந்தபோது, "கவலைப்படாதீங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படி விட்டிருக்கக் கூடாது. அவள் பெரியப்பா பேசி வைத்திருக்கிற மேனேஜ்மென்ட் கோட்டா கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு வேண்டாம். அரைக்காணி நிலத்தை விற்பது வேண்டவே வேண்டாம். யோசனை சொல்வது பெரியப்பா, பணம் கட்டப்போவது நீங்கள். நீங்கள் வெளியே போன் பேசப் போன நேரத்தில், "கணக்குன்னாலே வயித்தைக் கலக்குது சார்" என்று அவளே என்னிடம் சொன்னாள்.

அப்புறம் ஒரு நோட்டைக் காட்டினாள். பாடலீஸ்வரர் கோயில் சுவரில் இருக்கிற சோழர் காலக் கல்வெட்டு, நான்கு வரி, பென்சிலில். ஓரத்தில் சின்னதாக, "கல்லில் புள்ளி இல்லை, நான் போடவில்லை" என்று குறிப்பு. பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. அது தெரியாமலே, இருப்பதை இருக்கிறபடி எழுதியிருக்கிறாள். இந்த ஒழுங்கைப் பலருக்கு எம்.ஏ.வில்தான் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கைக்கு அரசாங்கத்தில் வேலை இருக்கிறது. தொல்லியல் துறை, ஆவணக் காப்பகம் இரண்டிலும். பழைய கட்டடம் ஒன்றைப் பழுதுபார்க்கும்போது சுவர் தாங்குமா என்று பொறியாளர் பார்ப்பார். அந்தச் சுவர் எப்போது எழுந்தது, எது பிற்பாடு ஒட்டவைத்தது என்று எழுதிக்கொடுப்பது வரலாற்றாளர். புதுச்சேரிக் கடற்கரையில் மேரி கட்டடம் என்கிற பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்ததே, அதைப் பழைய தோற்றத்திலேயே எழுப்பி 2021-இல் திறந்தார்கள். பழைய படங்களையும் வரைபடங்களையும் தேடிப் படிக்க ஆள் இல்லாமல் இந்த மாதிரி வேலை நடக்காது.

புதுச்சேரியில் பழைய தமிழ் வீடுகள் இருக்கிற வைசியாள் வீதிப் பக்கம் ஒருமுறை அவளை அழைத்துப் போங்கள். திண்ணை, தாழ்வாரம், உள்ளே முற்றம். மேலே தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. அந்த வீடுகளின் சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து உதிரும். இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, 1954 வரை அங்கே இருந்த பிரெஞ்சு நிர்வாகத்தின் பத்திரங்களையும் படிக்க வேண்டும். இந்த வேலையில் பதவி உயர உயர வெயிலில் நிற்பது குறையும். இடிக்க அனுமதி கேட்கிற மனுவைப் பார்த்து, இடத்தைப் பார்த்து, "இதை இடிக்கக் கூடாது, காரணம் இன்னது" என்று கையெழுத்துப் போடுகிற பொறுப்பு கூடும்.

உங்கள் ஊரிலேயே என்ன குறை? தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர் 1690-இல் வாங்கிய புனித டேவிட் கோட்டையை 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்தார்கள். அந்தக் கோட்டையின் நிர்வாகக் குறிப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

வழி இதுதான்: அரசுக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு, பிறகு எம்.ஏ. அதன்பின் கிரேட்டர் நொய்டாவில் மத்திய தொல்லியல் துறையின் இரண்டு வருட முதுநிலை டிப்ளமோ, அல்லது டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஒரு வருட டிப்ளமோ. நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் தமிழக அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் பட்டப்படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வரும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். பணியிடங்கள் குறைவு, அறிவிப்பு வருடா வருடம் வராது. அதனால்தான் இப்போதே பிரெஞ்சு ஆரம்பிக்கச் சொல்கிறேன். புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸில் சொல்லித்தருகிறார்கள், கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். தமிழ்க் கல்வெட்டும் பிரெஞ்சுப் பத்திரமும் சேர்த்துப் படிக்கிற பிள்ளைகள் அபூர்வம். செலவு செய்வதானால் அதற்குச் செய்யுங்கள்.

பெரியப்பாவை என்னிடம் அனுப்புங்கள், நான் பேசுகிறேன். சரி, அதுவரை நிலப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.