எல்லாம் இணையத்தில் கிடைக்கும்போது பாடசாலை நூலகம் எதற்கு?

கேட்ட விதத்தைப் பார்த்தால் உங்கள் பாடசாலையில் நூலக அறையைக் கணினி அறையாக்கும் பேச்சு நடக்கிறது போல. தயவுசெய்து அதற்கு விடாதீர்கள். திருகோணமலையில் ஒரு பாடசாலை நூலகத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள் நான், அந்த வேகத்தில்தான் எழுதுகிறேன். அதற்காக என்னைக் கணினிக்கு எதிரி என்று யாரும் எழுத வரவேண்டாம்.

2020-இல் பாடசாலைகள் பூட்டிக் கிடந்தபோது எங்கள் பிள்ளைகள் பலருக்கு இணையவழிக் கல்வி என்று வந்தது வாட்ஸ்அப்பில் நோட்ஸ் போட்டோ. பார்த்து எழுது, அவ்வளவுதான். திரும்பக் கேள்வி கேட்க இடமில்லை. திறந்த பிறகு, மூதூர்ப் பக்கமிருந்து வரும் உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருத்தி மின்சுற்று விளங்கவில்லை என்று வந்து நின்றாள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற விஞ்ஞானப் பரிசோதனைச் செயலிகளில், திரையிலேயே மின்சுற்றுக் கட்டிப்பார்க்கிற ஒன்று இருக்கிறது. இலவசம், ஒருமுறை இறக்கிவிட்டால் டேட்டா இல்லாமலே ஓடும். நூலகக் கணினியில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பல்பைத் தொடராகப் போட்டாள், மங்கியது. சமாந்தரமாக மாற்றினாள், இரண்டும் நன்றாக எரிந்தன. அப்புறம் மீட்டரைப் பார்த்துவிட்டு, "பல்ப் கூடினால் தடை கூடவேண்டும்தானே சேர், பிறகு ஏன் பற்றரியிலிருந்து வருகிற மின்னோட்டம் கூடுது?" என்று கேட்டாள். அத்தனை நோட்ஸும் அவளிடம் கிளப்பாத கேள்வி அது! ஒவ்வொரு பல்பும் மின்னோட்டத்துக்கு இன்னொரு பாதை, அதனால் மொத்தத் தடை குறையும் என்பதை அலுமாரியிலிருந்த பௌதிகவியல் புத்தகத்தை எடுத்துவைத்து இரண்டு பேருமாகப் பார்த்தோம். திரை கேள்வியைக் கிளப்பியது, பதிலுக்குப் புத்தகமும் பக்கத்தில் ஒரு ஆளும் வேண்டியிருந்தது. மூன்றும் ஒரே அறையில் இருந்ததால்தான் நடந்தது.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்கமுடியவில்லை. இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த வினாத்தாள்களைப் பிள்ளைகளுக்கு அனுப்புகிறார்கள். போனில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல், தேடினாலும் அகப்படாது. எந்தப் போனிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் யூனிகோடு வந்து எத்தனை காலம்! 2005-இல் தொடங்கிய 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்தைப் பாருங்கள், ஈழத்துப் பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் தலைப்பைத் தமிழில் அடித்தே தேடி எடுக்கலாம். பிள்ளைகளுக்கு அனுப்பும் ஒரு தாளை யூனிகோடில் அடிக்க முடியாதா?

சரி, உங்கள் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்: கணினியை நூலகத்துக்குள்ளேயே வைக்கலாம், ஆனால் டியூசன் முடிந்து வரும் பிள்ளைகளுக்காக மாலையில் அறையைத் திறந்துவைக்கப்போவது யார்?